பெற்றோரை உட்கார வைத்துவிட்டோமா?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)





மூட்டுவலியைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் என்னை அழைத்தார்கள். மூட்டுவலிக்கு மேடைப் பேச்சு ஒன்றும் செய்யாது. முகாமுக்கு வாருங்கள், ஒவ்வொருவராகப் பார்ப்போம். இன்று வேறொரு விஷயம் பேச நிர்வாகிகளிடம் அனுமதி கேட்டு வந்திருக்கிறேன்.

பதினெட்டு வருடமாக வீடு வீடாகப் போய் சிகிச்சை கொடுத்து வருகிறேன். இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், படுத்த படுக்கையாகிவிட்டவர்கள். அல்ஹம்துலில்லாஹ், நம் பிள்ளைகள் பெற்றோரைக் கவனிப்பதில் குறை வைப்பதில்லை. துபாயிலிருந்தும் ரியாத்திலிருந்தும் பணம் அனுப்புகிறார்கள், ஏர்பெட் வாங்குகிறார்கள், பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறார்கள். பனூ இஸ்ராயீல் சூராவின் 23ஆவது வசனத்தை நான் இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பல வீடுகளில் ஒரே கதையைத்தான் கேட்கிறேன். "நல்லாத்தான் இருந்தாங்க. ஒரு வேலையும் செய்ய விட்டதில்ல. உட்கார்ந்த இடத்துக்கே எல்லாத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். திடீர்னு விழுந்துட்டாங்க."

அந்தத் 'திடீர்' என்ற சொல்தான் எனக்கு உறுத்தும். விழுந்தது திடீரென்றுதான். ஆனால் விழுவதற்கு முன்னால் ஒன்றிரண்டு வருடம் உடம்பு சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். அதை எப்படிக் கேட்பது என்று முறையாகக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரு பேராசிரியை. பெயர் லிண்டா ஃப்ரைட். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முதியோர் மருத்துவராகவும் ஆய்வாளராகவும் இருந்தவர். 2008இல் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளிக்கு டீனாகப் போனார்.

அவர் தம் ஆரம்ப நாட்களைப் பற்றிச் சொல்லியிருக்கும் ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். கிளினிக்கில் வயதானவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒன்று தெரிந்தது. வந்தவர்களில் பலருக்கு மருந்தால் தீராத ஒரு குறை இருந்தது. காலையில் எழுந்திருக்க அவர்களுக்கு ஒரு காரணம் இல்லை. அவர்களை நம்பி ஒருவரும் இல்லை, அவர்கள் போய்ச் செய்ய வேண்டிய காரியமும் இல்லை. அதனால் மருந்துச் சீட்டு எழுதுவது போலவே, உங்களுக்குப் பிடித்த, பிறருக்குப் பயன்படுகிற வேலை ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். போனவர்கள் திரும்பி வந்து, தேடினோம், எங்களைப் போன்றவர்களுக்கு அப்படி ஒரு வேலையும் இல்லை என்றார்கள். இதை மனதில் வையுங்கள், பிறகு இதற்கே திரும்பி வருகிறேன்.

1990களில் பால்டிமோரில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 65 வயதைத் தாண்டிய, வீட்டிலேயே வாழ்கிற, ஆனால் நடப்பதிலோ அன்றாட வேலையிலோ சிரமம் வந்துவிட்ட 1,002 பெண்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். ஹாப்கின்ஸ் தரப்பில் அதை நடத்தியவர் ஃப்ரைட். பெண்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. பெண்கள் ஆண்களைவிட அதிக நாள் வாழ்கிறார்கள், ஆனால் கடைசி வருடங்களை இயலாமையோடு கழிப்பவர்களும் அவர்கள்தான். நம் தெருவிலும் அப்படித்தானே? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நன்னி இருப்பார்.

அதன் பிறகு 2001இல் வெளிவந்ததுதான் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை. 65 வயதுக்கு மேற்பட்ட 5,317 ஆண் பெண்களின் விவரங்களை வைத்து எழுதியது. 'தளர்ந்துவிட்டார்' என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோமே, அதற்கு அவர் ஐந்து அடையாளங்களை வகுத்தார். மருத்துவத்தில் ஃப்ரெய்ல்டி என்பார்கள். தமிழில் நலிவு என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது, தானாக எடை குறைவது. ஒரு வருடத்தில் நான்கரை கிலோவுக்கு மேல், நாம் குறைக்க முயலாமலே குறைந்திருந்தால் அது ஓர் அடையாளம். நம் வீடுகளில் இதைக் கவனிக்காமல் விடுவது மட்டுமல்ல, பாராட்டவும் செய்கிறோம்! "சுகர்காரங்க ஒல்லியானா நல்லதுதானே" என்கிறார்கள். எழுபது வயதில் முயற்சி இல்லாமல் குறைகிற எடையில் கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகிறது. மோதிரம் கழல்கிறதா, வாட்ச் பட்டை இரண்டு துளை உள்ளே போகிறதா, பல்செட் ஆடுகிறதா என்று பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் எடை மெஷின் இருக்கிறது. மாதம் ஒரு தடவை ஏற்றி நிறுத்தி, எடையைக் காலண்டரில் எழுதி வைத்தால் போதும்.

இரண்டாவது, களைப்பு. எதைச் செய்தாலும் மலையேறுவது போல இருக்கிறது, ஒன்றையும் தொடங்க முடியவில்லை என்ற உணர்வு வாரத்தில் மூன்று நான்கு நாள் இருப்பது. மூன்றாவது, கைப்பிடி பலம். ஆய்வில் இதற்கு ஒரு கருவி வைத்து அளந்தார்கள். வீட்டில் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கக் கொடுத்தால் ஓரளவு தெரிந்துவிடும், ஈரத்துணியைப் பிழியச் சொன்னாலும் தெரியும். நான்காவது, நடையின் வேகம். 15 அடி தூரத்தை வழக்கமான நடையில் கடக்க எத்தனை வினாடி என்று பார்த்தார்கள். 159 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் இல்லாத ஒரு பெண்ணுக்கு 7 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் அதை மெதுவான நடையாகக் கணக்கிட்டார்கள். ஐந்தாவது, உடல் உழைப்பே அரிதாகிப் போவது.

இந்த ஐந்தில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் நலிவுக்கு முந்தைய நிலை. அந்த 5,317 பேரில் ஏறத்தாழ 7 சதவீதம் பேர் நலிந்திருந்தார்கள். பாதியை நெருங்கும் அளவுக்கானவர்கள் முந்தைய நிலையில் இருந்தார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, ஓர் அடையாளமும் இல்லாதவர்களில் 3 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், நலிந்திருந்தவர்களில் 18 சதவீதம். மவ்த்து அல்லாஹ்வின் நாட்டம், அதில் ஒருவருக்கும் பேச்சில்லை. விழுவது, ஆஸ்பத்திரியில் சேர்வது, பாத்ரூமுக்குப் போகப் பிறர் கையை எதிர்பார்ப்பது ஆகியவையும் நலிந்தவர்களுக்கே அதிகமாக நேர்ந்தன. நம் பெரியவர்கள் மவ்த்தைவிட அதிகம் பயப்படுவது இந்தக் கடைசி ஒன்றுக்குத்தான். துஆவிலும் அதைத்தான் கேட்கிறார்கள், யாருக்கும் பாரமாக்காமல் கூப்பிட்டுக்கொள் ரப்பே என்று.

அந்தக் கட்டுரையில் என்னை உலுக்கிய இன்னொரு தகவல் உண்டு. நலிந்திருந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகமானவர்களிடம் பல நோய்கள் சேர்ந்திருக்கவும் இல்லை, அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத இயலாமையும் இல்லை. அதாவது ஒவ்வொரு நோயாகத் தேடிப் பார்த்தால் இவர்கள் தப்பிவிடுவார்கள். ரத்தப் பரிசோதனை எடுத்து, "எல்லாம் நார்மல்தான், வயசாச்சுல்ல" என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் இவர்களாகவும் இருக்கலாம்.

அப்படியானால் எது கெட்டுப்போகிறது? இங்கேதான் அவர் பல துறையினரையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்தார். மருத்துவர்கள், நர்சிங் துறையினர், புள்ளியியல் நிபுணர்கள், மூளை ஆய்வாளர்கள், கல்வித் துறையினர். 2009இல் வெளியான அவர்களுடைய ஓர் ஆய்வில் வயதான பெண்களின் உடலில் எட்டு விஷயங்களை அளந்தார்கள். ரத்தசோகை, அழற்சி, ஹார்மோன்கள், சர்க்கரை, நுண்சத்துகள், இப்படி. ஏதோ ஒன்று மட்டும் கெட்டதால் நலிவு வந்தது என்று சொல்ல முடியவில்லை. எத்தனை கெட்டிருக்கின்றன என்பதுதான் முக்கியமாக இருந்தது. மூன்று அல்லது அதற்கு மேல் பிசகும்போது நலிவு வேகமாகக் கூடியது. ஒரு கூட்டுக் குடும்பத்தில் ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர்கள் தாங்கிவிடுவார்கள், ஒரே சமயத்தில் மூன்று பேர் படுத்தால் அடுப்பு எரியாது. உடம்பும் அப்படித்தான்.

ஆகவே ஒரே ஒரு டானிக்கால் இது சரியாகாது. டானிக் என்றதும் பாயா நினைவுக்கு வருகிறது. நம் வீட்டில் ஒருவர் தளர்ந்தால் முதல் காரியம் ஆட்டுக்கால் சூப்பு வைப்பதுதானே? பிறகு பால் பவுடர் டின். நான் குறை சொல்லவில்லை, சத்து வேண்டும்தான். ஆனால் பாஸ்டன் நகரத்தில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் ஒரு முதியோர் இல்லத்தில் செய்து 1994இல் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள். 100 பேர், சராசரி வயது 87. சிலருக்குக் கால் தசைகளுக்கான எடைப் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமில்லை. பத்து வாரம். பயிற்சி செய்தவர்களின் தசை பலம் இரு மடங்குக்கும் மேலாகக் கூடியது. நடை வேகமும் கூடியது. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குத் தளர்ச்சியில் ஒரு மாற்றமும் இல்லை. 87 வயதில், சகோதரிகளே! இனி என்ன ஆகப்போகிறது என்று நாம் முடிவு கட்டிவிடுகிற வயதில் தசை திரும்பி வருகிறது. வேலை கொடுத்தால் வருகிறது, சூப்பை மட்டும் கொடுத்தால் வருவதில்லை.

இனி, அந்தக் கிளினிக் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு வேலை இல்லை என்று திரும்பி வந்தார்களே, அவர்களுக்காக வேலையை நாமே உண்டாக்கினால் என்ன என்று ஃப்ரைட் நினைத்தார். 1990களின் நடுவில் மார்க் ஃப்ரீட்மன் என்பவரோடு சேர்ந்து எக்ஸ்பீரியன்ஸ் கோர் என்ற திட்டத்தை வடிவமைத்தார். அனுபவப் படை என்று சொல்லலாம். 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போக வேண்டும். எல்.கே.ஜி., யூ.கே.ஜி. வயதுப் பிள்ளைகளிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுத்தருவது, நூலகத்தில் உதவுவது, சண்டை போடும் பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவது போன்ற வேலைகள். வாரத்துக்கு 15 மணி நேரம், ஒரு பள்ளிக்கூட வருடம் முழுவதும். போக்குவரத்துச் செலவுக்குச் சிறு தொகை உண்டு. ஒருவரைத் தனியாக அனுப்பாமல் பத்துப் பதினைந்து பேராகக் குழுவாக அனுப்பினார்கள். ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர் பார்த்துக்கொள்வார்.

பால்டிமோரில் இதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள். வசதியானவர்கள் அல்லர். பிரஷர், மூட்டுவலி எல்லாம் அவர்களுக்கும் உண்டு. உடற்பயிற்சி வகுப்பு என்று கூப்பிட்டிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள், வந்தாலும் எத்தனை வாரம் தொடர்ந்திருப்பார்கள்? பிள்ளைகளுக்கு நீங்கள் தேவை என்று கூப்பிட்டார்கள், வந்தார்கள். பஸ் ஏறினார்கள், படிக்கட்டு ஏறினார்கள், பிள்ளைகளின் பெயரை நினைவு வைத்தார்கள், மறுநாள் பாடத்தை முந்தின இரவு யோசித்தார்கள். உடம்புக்கும் மூளைக்குமான பயிற்சி அந்த வேலைக்குள்ளேயே ஒளிந்திருந்தது. அப்படித்தான் ஃப்ரைட் அதை வடிவமைத்தார்.

முதல் சிறிய சோதனையிலேயே, திட்டத்தில் சேராதவர்கள் டி.வி. முன்னால் உட்காரும் நேரம் கூடியபோது இவர்களுக்குக் குறைந்தது. ஆபத்துக்குக் கூப்பிட ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லக்கூடியவர்களின் எண்ணிக்கை கூடியது. அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளின் வாசிப்பும் முன்னேறியது, சேட்டைக்காகத் தலைமையாசிரியரிடம் அனுப்பப்படுவது குறைந்தது. பிறகு 2006இல் 702 பேரை வைத்துப் பெரிய சோதனை தொடங்கினார்கள். அதில் நூற்றுச் சொச்சம் பேருக்கு இரண்டு வருடம் மூளை ஸ்கேன் எடுத்தார்கள். வயதாக ஆகச் சுருங்குவதாக நாம் நினைக்கும் மூளைப் பகுதிகள், பங்கேற்ற ஆண்களிடம் சுருங்காமல் சற்று வளர்ந்திருந்தன. பெண்களிடம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை.

இங்கே அமர்ந்திருக்கும் மருமகள்மார்கள் மனதில் ஒரு கேள்வி ஓடும், எனக்குத் தெரியும். "மாமியாரை நான் வேலை செய்யச் சொன்னால் ஊர் யாரைப் பேசும்?" உண்மைதான். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும்போது மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால், அஸருக்குள் செய்தி தெருமுனைக்குப் போய்விடும். இந்த ஊர்ப் பேச்சுக்குப் பயந்தே எத்தனையோ நல்ல மருமகள்கள் மாமியாரைக் கட்டிலோடு முடக்கிவிட்டார்கள். அதனால்தான் இதை ஒரு வீட்டில் தனியாகச் சொல்லாமல் ஜமாஅத் கூட்டத்தில் சொல்கிறேன். பேசுகிற வாய்களும் இங்கேதான் இருக்கின்றன.

என் கதையும் இதுதான். என் அம்மா நான்கு வருடத்துக்கு முன்னால் சமையலறையில் ஒருமுறை தடுமாறினார்கள். விழக்கூட இல்லை. நான் இந்தத் தொழில் படித்தவள், எத்தனையோ பேரை எழுந்து நடக்க வைத்தவள். ஆனால் என் அம்மா என்றதும் பயந்துவிட்டேன். "இனி நீங்க உள்ளே வரவே கூடாது" என்று கரண்டியை வாங்கி வைத்தேன். எட்டு மாதத்தில் எடை குறைந்தது. பேச்சு குறைந்தது. ஒரு நாள் பிரியாணிக்கு மசாலா சரியா என்று கேட்டபோது, "எனக்கெதுக்கும்மா கேக்குற, நீயே பாத்துக்க" என்றார்கள். அப்போதுதான் உறைத்தது. தரையில் வழுக்காத மிதியடி போட்டு, சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தி, மேல் தட்டில் இருந்த டப்பாக்களைக் கைக்கெட்டும் உயரத்துக்கு இறக்கி, சமையலறையைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு அதற்கான செலவு இரண்டாயிரம்கூட ஆகவில்லை. இப்போது நோன்புக் கஞ்சி அவர்கள் பொறுப்பு. நான் உப்புப் பார்ப்பதோடு சரி.

பள்ளிவாசலைப் பற்றி ஒன்று, பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாற்காலி வரிசை வருடா வருடம் நீள்கிறது என்று என் கணவர் சொல்கிறார். முடியாதவருக்கு மார்க்கம் கொடுத்த சலுகையில் வாய் வைக்க நான் யார்? அதை ஹஜ்ரத்திடம் கேளுங்கள். என் தொழில் சார்ந்து ஒன்று மட்டும் சொல்கிறேன். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வது முதியோரின் கால் பலத்தை அளக்க மருத்துவத்தில் உள்ள ஒரு சோதனை. சஜ்தாவிலிருந்து எழுவது அதைவிடக் கடினமானது. தினமும் அதைச் செய்துவந்தவர், வலி இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து வசதிக்காக நாற்காலிக்கு மாறினால், அந்தத் தசைகள் ஒரு சில மாதத்தில் கணக்குக் கேட்கும்.

எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். எடை வேகமாகக் குறைந்தால், திடீரென்று ஒரு பக்கம் பலமிழந்தால், மூச்சு வாங்கினால், முதலில் டாக்டரிடம் போங்கள். காசநோய், தைராய்டு, புற்றுநோய், மனச்சோர்வு எதுவும் இப்படிக் களைப்பாக வரலாம். தண்ணீர்க் குடம் தூக்கச் சொல்லியோ, ஸ்டூல் மேல் ஏறச் சொல்லியோ நான் சொன்னதாக வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே மூன்று அடையாளம் இருப்பவர்கள் ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரையும் ஹஜ்ரத்தையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நோன்பு வைத்தால் மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கடைசியாக நிர்வாகிகளிடம் இரண்டு கோரிக்கை வைத்தேன், இரண்டுக்கும் சரி என்றிருக்கிறார்கள். அடுத்த மருத்துவ முகாமில் பிரஷர், சுகர் பார்க்கும் மேஜைக்குப் பக்கத்தில் மதரஸா ஹால் தரையில் 15 அடிக்கு சாக்பீஸ் கோடு போட்டு வைப்போம். உங்கள் அத்தாவையோ வாப்பாவையோ, அம்மாவையோ உம்மாவையோ அழைத்து வாருங்கள். வழக்கமாகப் போடும் செருப்போடு, ஊன்றுகோல் இருந்தால் அதோடும் வரட்டும். அந்த வினாடிக் கணக்கு அமெரிக்கர்களை வைத்துப் போட்டது என்பதால் அதை வைத்து மட்டும் முடிவு சொல்ல மாட்டோம். ஆறு மாதம் கழித்து மறுபடி நடக்க வைத்து, அவரவர் வேகத்தை அவரவரோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இரண்டாவது, மாலை நேர இலவச டியூஷனில் தமிழ் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வைக்க ஆள் போதவில்லை. அஸருக்குப் பிறகு மஃக்ரிப் வரை, வாரம் நான்கு நாள். ஆண் பிள்ளைகளுக்குக் கீழ் ஹாலில், பெண் பிள்ளைகளுக்குப் பின்கட்டு அறையில். 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தாலே போதும், கண்ணாடியை மறக்காமல் எடுத்து வரவேண்டும். பெயரைக் கொடுக்கப் பிள்ளைகளோ மருமகள்களோ வரவேண்டாம். பெரியவர்களே நடந்து வந்து அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கட்டும்.